சுபத்திரையின் கை: கொழும்பில் ஆறு நாள்

முதலாம் நாள், வெள்ளி

எங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை மேல்தட்டில் வைக்கச் சம்மதிக்கவில்லை. மட்டக்களப்பில் ரயில் ஏறியதிலிருந்து கொழும்புக் கோட்டையில் இறங்கும் வரை மடியிலேயே வைத்திருந்தார். மனம்பிட்டியில் மகாவலி வந்தபோது நாங்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் போனோம், அவர் எழும்பவில்லை. பொலன்னறுவை தாண்டி வெயில் அவர் பக்கம் திரும்பியதும் சால்வையை எடுத்து மத்தளத்தின் மேல் போட்டார். தோல் காய்ந்து இறுகினால் சத்தம் மாறிவிடும். நாளைக்குப் புதுச் சபை.

உதயதேவி ரயிலில் ஏழு பேர் வந்தோம். மற்ற நாலு பேரும் உடுப்புப் பெட்டிகளோடு நேற்றிரவே வான் வண்டியில் புறப்பட்டுவிட்டார்கள். கரப்புடுப்பு என்ற கூத்து ஆடையின் வளையங்களை மடிக்க முடியாது, ரயிலில் நெரிந்தால் கொழும்பில் வைத்துச் சரிசெய்ய ஆளும் இல்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்காக: எங்கள் நாடகம் சுபத்திரையைப் பற்றியது. அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போன பிறகு, தாய்க்குச் செய்தி வந்து சேரும் வரையிலான ஒரு பகல்தான் கதை. நாங்கள் ஆடும் வடமோடி என்ற கூத்து வகையில் பாரதக் கதைகள் நிறைய உண்டு. எங்கள் ஊர்க் கூத்துக் கொப்பியில் அபிமன்யுவுக்கு வரவு ஆட்டம் இருக்கிறது, போர் இருக்கிறது, சாவு இருக்கிறது. தாய்க்கு ஓர் அழுகைப் பாட்டு மட்டும்தான். அந்த ஒரு பாட்டை விரித்து ஒன்றரை மணி நேரமாக்கியிருக்கிறோம். என் அப்பப்பா ஊர்க் கூத்துக் களரியில் பெண்வேடம் கட்டியவர், சுபத்திரையும் ஆடியிருக்கிறார். அந்தக் காலத்தில் பெண்கள் ஆடுவதில்லை. இப்போது அதே பாட்டை நான் ஆடுகிறேன்.

கோட்டையில் இறங்கி 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தை வந்து சேர்ந்தேன். மாமி வீடு கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. இரவைக்கு இடியப்பமும் சொதியும். கரையோர ரயில் போகும்போது மேசையில் இருந்த தண்ணீர் லேசாக ஆடுகிறது. மாமிக்கு அது பழகிவிட்டது. நான் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தேன்.

இரண்டாம் நாள், சனி

லயனல் வென்ட் அரங்கில் நிற்கும்போது எனக்கு வேறு ஒரு தேதிதான் ஞாபகம் வந்தது: 1956 நவம்பர் 3. எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ முதன்முதலாக மேடையேறிய இடம் இதுதான். சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றிய அந்த நாடகம் ‘நாடகம’ என்ற பழைய சிங்கள நாடக வடிவத்தை எடுத்துக்கொண்டது. நாடகமவுக்கும் நம் கூத்துக்கும் இடையில் உறவு இருக்கிறது. அந்தச் சிங்கள முயற்சியைப் பக்கத்திலிருந்து பார்த்த பேராசிரியர் சு. வித்தியானந்தன்தான் பேராதனையில் எங்கள் கிழக்குக் கூத்தை எடுத்து ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ என்று 1960களில் தயாரித்தார். விடியவிடிய ஆடியதை மேடைக்கு ஏற்ற நேரத்துக்குள் கொண்டுவந்தார். அவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் நாங்கள் இன்று ஒன்றரை மணி நேரக் கூத்தோடு கொழும்புக்கு வந்திருக்க மாட்டோம்.

ஆனால் படச்சட்ட மேடை எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஊர்க் களரி வட்டம். நாலு பக்கமும் சனம், யாருக்கும் முதுகு காட்டாமல் சுற்றிச் சுற்றி ஆடுவோம். ஒரு பக்கம் அழுத முகத்தை அடுத்த பக்கமும் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் பாட்டே திரும்பத் திரும்ப வருகிறது. இங்கே எல்லோரும் ஒரே பக்கத்தில், அதுவும் இருட்டில். காலை ஒத்திகையில் நான் பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பாடினேன். அங்கே கறுப்புத் திரைதான் இருந்தது. அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு, “புள்ள, அங்காலயும் ஆக்கள் இருக்கிறாங்க எண்டு நினைச்சு ஆடு. ஆட்டத்தக் குறைக்காத” என்றார். அப்படியே செய்தேன். மாலையில் என் முதுகைப் பார்த்தே சபை அமைதியானது.

பிரதிக்கு முன்கூட்டியே எடுத்துவைத்த அனுமதிக் கடிதம், அரங்க வாடகை, நுழைவுச்சீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் தம்பி ஒருவர் பார்த்துக்கொண்டார். இதை எழுதக் காரணம் உண்டு. மேடையில் நிற்பவரின் பெயர்தான் வெளியில் வருகிறது. மூன்று மாதமாகக் கடிதங்களோடு அலைந்தவர் அவர்.

ஆட்டம் நன்றாகப் போனது. மூன்றாவது காட்சியில் வலது கால் சதங்கையின் கயிறு அறுந்துவிட்டது. மணிகள் சிந்தவில்லை, காலில் தொங்கின. அந்தக் காலை இழுத்து இழுத்தே மிச்சத்தை ஆடினேன். செய்தி கேட்கப் பயந்து நடக்கும் தாயின் நடை அப்படித்தான் இருக்கும் என்று பிறகு பிற்பாட்டுப் பாடும் அக்கா சொன்னார். இனி அந்த இடத்தில் அந்த நடைதான்.

முடிந்ததும் ஒரு சிங்கள அம்மா மேடைக்குப் பின்னால் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, “நானும் அம்மா” என்று தமிழில் சொன்னார். அந்த இரண்டு சொற்களுக்கு மேல் அவருக்குத் தமிழ் தெரியவில்லை, எனக்கும் அவ்வளவு சிங்களம் வராது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

மூன்றாம் நாள், ஞாயிறு

இன்று கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில். மாமி வீட்டிலிருந்து நடந்தே போகலாம், 57ஆவது ஒழுங்கை. 1942இல் தொடங்கிய சங்கம் இது. வெள்ளவத்தையில் பாதிப் பேருக்கு இங்கே கேட்ட ஏதாவது ஒரு பேச்சோ பாட்டோ ஞாபகத்தில் இருக்கும்.

நேற்றைய சபைக்கும் இன்றையதற்கும் எவ்வளவு வித்தியாசம்! நேற்று அமைதி. இன்று இரண்டாவது பாட்டிலேயே முன்வரிசையில் ஒரு பெரியவர் சல்லரித் தாளத்துக்குத் தொடையில் தட்டத் தொடங்கினார். பிற்பாட்டு வரும் இடத்தில் அவரும் சேர்ந்து பாடினார், பக்கத்தில் இருந்த அம்மாவும் பாடினார். கொழும்புக்கு வந்து முப்பது நாற்பது வருடமான மட்டக்களப்பு ஆட்கள். மெட்டு அவர்களுக்குள் அப்படியே இருந்திருக்கிறது. அழுகைப் பாட்டில் என் குரல் கொஞ்சம் தளர்ந்தது, அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நடிகையாக எனக்கு இதைவிடப் பெரிய சம்பளம் கிடைத்ததில்லை.

வெளியே பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றபோது ஒருவர் வந்து பேசினார். மருத்துவர், மருத்துவ மாணவர்களுக்குப் படிப்பிக்கிறார், எங்கள் பக்கத்துத் தமிழ்தான் கதைத்தார். என் நடிப்பைப் பற்றிக் கதைப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது: “கடைசிப் பாட்டுக்கு முதல் நெஞ்சில கை வைச்சு மூச்சைப் பிடிச்சீங்களே, நேற்றும் அதே இடத்தில அப்படியேதான் செய்தீங்களா?” ஓம் என்றேன். “நான் நேற்றும் வந்தனான், சரிபார்க்கத்தான் கேட்டேன்” என்றார். என் இலக்கத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஏன் என்று சொல்லவில்லை.

நாலாம் நாள், திங்கள்

குழு ஊருக்குப் போய்விட்டது. அண்ணாவியாரையும் மத்தளத்தையும் கோட்டையில் ஏற்றிவிட்டு வந்தேன். நான் நிற்பதற்குக் காரணம் குரல் வேலை ஒன்று. சனிக்கிழமை நாடகம் பார்த்த ஒருவர் அழைத்திருந்தார். ஒரு நிறுவனத்தின் தொலைபேசிக்குத் தமிழ்க் குரல் வேண்டுமாம். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு என்று அழுத்தச் சொல்லிவிட்டுப் பேசும் குரல்.

போவதற்கு முன்பே எவ்வளவு, எப்போது, எந்த வழியில் தருவீர்கள் என்று எழுத்தில் கேட்டேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு இருபத்தொரு நாள் தமிழ்க் குரல் கொடுத்தேன். ஒரு சதம் வரவில்லை. கேட்கப் போனால் “அடுத்த மாதம்”. நண்பர்கள் மூலமாக வந்த வேலை என்பதால் கடிதம் கேட்க வெட்கப்பட்டேன். மேடைக்காரர்கள் பலருக்கும் இந்தக் கதை உண்டு, கதைத்துப் பார்த்தால் தெரியும். இளையவர்களிடம் கையைப் பிடித்துச் சொல்கிறேன்: வாயைத் திறப்பதற்கு முன் தாளை வாங்குங்கள். இந்த முறை கடிதம் ஒரு மணி நேரத்தில் வந்தது, பாதிப் பணம் முன்பணமாகவும் வந்தது.

ஒலிப்பதிவுக் கூடம் மருதானைப் பக்கம். களரியில் ஒலிவாங்கி இல்லாமல் பாடிப் பழகிய தொண்டை இது. முதல் வரியிலேயே ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டார். “அக்கா, கேட்கிற ஆள் உங்கட தோளுக்குப் பக்கத்தில நிக்கிறார்” என்றார். அதன் பிறகு சரியாக வந்தது. கஷ்டம் குரலில் இல்லை, தாளில்தான் இருந்தது. சிங்களத்திலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றிய தமிழ். ஒரு வாக்கியத்தை மூன்று முறை வாசித்தும் எனக்கே விளங்கவில்லை. கட்டணம் கட்டப் பிந்திய ஒரு வயதான மனிதர் காதில் வைத்துக் கேட்டால் என்ன செய்வார்? ஒவ்வொன்றையும் நிறுத்தி, வாய்க்கு வரும் தமிழில் மாற்றி, அவர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்கித்தான் பேசினேன். ஒரு மணி நேர வேலை நாலு மணி நேரமானது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

திரும்பும்போது டவர் ஹோல் வாசலில் கொஞ்சம் நின்றேன். 1911இல் திறந்த அரங்கு. பார்சி நாடகக் குழுக்களின் பாதிப்பில் பிறந்த நூர்த்தி என்ற சிங்கள இசை நாடகங்கள் கொடிகட்டிப் பறந்த இடம்.

இரவு மருத்துவர் அழைத்தார். மருத்துவ மாணவர்கள் நோயாளியிடம் கதைத்துப் பழகுவதற்கு, நோயாளியாக நடிக்க ஒருவர் வேண்டுமாம். வழமையாக வருபவரின் பிள்ளைக்குக் காய்ச்சல். புதன்கிழமை வரமுடியுமா, நாளைக்கு ஒத்திகை பார்க்கலாமா?

வருகிறேன் என்றேன். நான் ஊரில் படிப்பிக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் இந்த வாரம் வகுப்பு இல்லை என்று போட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள், செவ்வாய்

இன்று நிறைய எழுத வேண்டும்.

இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. 1963இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கியதாம். நோயில்லாத ஒருவரைப் பழக்கி, நோயாளியாக இருக்கச் சொல்லி, மாணவர்கள் எப்படி விசாரிக்கிறார்கள் என்று பார்ப்பது. பாவனை நோயாளி என்று சொல்லலாம். உண்மையான நோயாளியை எட்டு மாணவர்கள் வரிசையாகக் கேள்வி கேட்டு வருத்த முடியாது. அதோடு நோயாளிக்குக் காலையில் இருந்த நோ (வலி) மத்தியானம் இருக்காது. எட்டுப் பேருக்கும் ஒரே நோ, ஒரே மூச்சு, ஒரே பதில் வேண்டும். இல்லாவிட்டால் யார் நன்றாக விசாரித்தார் என்று ஒப்பிட முடியாது. அதனால்தான் மருத்துவர் இரண்டு நாளும் நாடகத்துக்கு வந்திருக்கிறார்.

இரண்டு பக்கத்தில் பாத்திரம் தந்தார். ஐம்பத்தெட்டு வயதுத் தாய். மட்டக்களப்புப் பக்கம், இப்போது கொட்டாஞ்சேனையில் மகளோடு. பத்து வருடமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). விடியற்காலையிலிருந்து நெஞ்சு நோ. எதைத் தானாகச் சொல்லலாம், எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்று பிரித்து எழுதியிருந்தது. வேர்த்தது என்பதைக் கேட்டால் மட்டும். இடது கை உளைவும் அப்படித்தான்.

நான் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். சுபத்திரையின் கை: விரல்கள் விரிய, உள்ளங்கையால் தட்டும் கை. மருத்துவர் தலையை அசைத்தார். இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் நோவைப் பலர் விரலால் தொட்டுக் காட்டுவதில்லை, கைமுட்டியைப் பொத்தி நடுநெஞ்சில் வைப்பார்கள் என்றார். சாமுவேல் லெவின் என்ற இதய மருத்துவர் கவனித்ததால் அவர் பெயரில்தான் அந்த அடையாளத்தைச் சொல்கிறார்களாம். எல்லோரும் அப்படிக் காட்டுவார்கள் என்றில்லை. பெண்களிலும் சீனி வருத்தம் உள்ளவர்களிலும் சிலருக்கு நோவே தெரியாமல் களைப்பும் சத்தியும் (வாந்தியும்) மட்டும் வரலாம், அதுதான் ஆபத்து என்றார். ஆனால் இந்தத் தாய் முட்டியைப் பொத்துவாள்.

அரை மணி நேரம் கையை மட்டும் பழகினேன். துக்கம் வந்தால் கை விரிகிறது, உடம்புக்குள் நெரித்தால் கை மூடுகிறது. இத்தனை வருடம் ஆடியும் இதை நான் யோசித்ததில்லை.

அப்புறம் சொற்கள். மாணவர்களில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுபவர்கள், வகுப்பில் தமிழ் படிக்கிறார்கள். படிப்பது ‘வலி’, ‘நோய்’, ‘வாந்தி’. எங்கள் அம்மாமார் சொல்வது ‘நோ’, ‘வருத்தம்’, ‘சத்தி’. ‘நாரி நோகுது’ என்றால் இடுப்பு என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ‘முட்டு’ என்றால் மூச்சு இழுக்கும் வருத்தம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் இந்தச் சொற்களை மாற்றாமல் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்டுப் பிடிக்க வேண்டும். அதுதான் பயிற்சி.

அப்போது அம்மம்மாவின் ஞாபகம் வந்தது. அதை மருத்துவரிடம் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். நான் உயர்தரம் படித்த காலத்தில் அம்மம்மாவைக் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தோம். உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள், நான் போனேன். இளம் மருத்துவர், தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார். நெஞ்சில் வலியா? ஓம். சாப்பிட்ட பிறகா? ஓம். சாப்பிட முதலா? ஓம். நான் இடையில் பேசப் பயந்துகொண்டு நின்றேன். வயிற்று எரிவுக்கு மருந்து தந்து அனுப்பினார்கள். ஓட்டோவில் ஏறியதும், ஏன் எல்லாத்துக்கும் ஓம் சொன்னீங்க என்று கேட்டேன். “பாவம் அந்தப் புள்ள, எவ்வளவு கஷ்டப்பட்டுத் தமிழ் கதைக்குது. இல்ல எண்டு சொல்ல மனம் வரல்ல” என்றார். இதயத்தில் பிழை என்று ஊரில் கண்டுபிடிக்க மேலும் இரண்டு கிழமை ஆனது.

மருத்துவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து, பாத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்: ஆம், இல்லை என்று பதில் வரும் எந்தக் கேள்விக்கும் இந்தத் தாய் ஓம் என்றே சொல்வாள்.

ஆறாம் நாள், புதன்

காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். பழைய வொயில் சேலை, மாமியினுடையது. ஒப்பனை இல்லை, தலைக்கு நல்லெண்ணெய் மட்டும். ஒரு மேசை, இரண்டு கதிரை, மூலையில் ஓர் ஆசிரியர். மணி அடித்தால் ஒரு மாணவர் உள்ளே வருவார், எட்டு நிமிடம், மறுபடி மணி. இடையில் இரண்டு நிமிடம், நோயாளியாக எனக்கு எப்படி இருந்தது என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

முதல் ஐந்து பேரும் கெட்டிக்காரர்கள். கேள்விகள் வரிசையாக, தெளிவாக வந்தன. நான் ஓம், ஓம், ஓம் என்றேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஓம் வந்ததைக் கண்டு பேனாவை நிறுத்தினார், ஆனால் நேரம் போகிறதே என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இரண்டு நிமிடத்தில் நான் அவர்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: நீங்கள் அன்பாகக் கேட்டீர்கள், ஆனால் நான் என்ன சொன்னேன் என்று திரும்ப என்னிடம் கேட்கவில்லை. யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்நிய மொழியில் ஒரு நோவை விசாரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களின் நெற்றி வியர்வையில் தெரிந்தது.

ஆறாவதாக ஒரு பெண்பிள்ளை வந்தார். தமிழ் மற்றவர்களைவிடக் குறைவு. நாலாவது ஓம் வந்ததும் கொப்பியை மூடிவிட்டார். கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, “அம்மா, நான் பிழையா கேக்கிறது. நீங்க சொல்லுங்க. காலையில என்ன நடந்தது?” என்றார். நான் சொல்லத் தொடங்கினேன். விடிய எழும்பினது, தண்ணி எடுக்கப் போனது, நெஞ்சு அடைச்சது. “அடைச்சது, அது எப்படி? கையில காட்டுங்க.” முட்டியைப் பொத்தி வைத்தேன். அவர் அந்தக் கையைப் பார்த்தார், அதன் பிறகு என் முகத்தைப் பார்த்தார். “வேர்த்ததா?” என்று கேட்டார். அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த இடத்தில் நான் அழுதிருக்கக் கூடாது, எழுதித் தந்ததில் அழுகை இல்லை. கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளை அதை நோவென்று நினைத்து என் தோளைத் தொட்டார். மணி அடித்தது.

ஏழாமவருக்கும் எட்டாமவருக்கும் பழையபடி அதே மூச்சு, அதே கை.

மாதம் ஒரு தடவை வரமுடியுமா என்று மருத்துவர் கேட்டார். நாள் கூலி, ரயில் செலவு, கடிதம் எல்லாம் தருவார்கள். ஊரில் எங்கள் குழுவிலிருந்து இன்னும் இரண்டு பேரைப் பழக்கவும் சொன்னார், வயதான ஆண் ஒருவர் கட்டாயம் வேண்டுமாம். சரி என்றேன். பிற்பாட்டு அக்காவும் கட்டியகாரன் ஆடும் மாமாவும் மனதில் இருக்கிறார்கள்.

இரவு அண்ணாவியாருக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “எத்தின தரம் ஆடின?” என்றார்.

“எட்டு.”

“எட்டும் ஒண்டா வந்ததா?”

“ஆறாவதில கொஞ்சம் கூடிட்டு.”

அந்தப் பக்கம் மத்தளத்தில் விரல் தட்டும் சத்தம் கேட்டது. “அந்த ஆறாவத எனக்கு ஒருக்கா ஆடிக் காட்டு, பார்ப்பம். வெள்ளிக்கிழமை பிந்தாம வந்து சேரு” என்றார்.

நாளைக் காலை உதயதேவியில் ஜன்னலோர இருக்கை கிடைத்திருக்கிறது.